மொட்டை மாடி சாவி யார்கிட்ட இருக்கு?

இது பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.

இன்னைக்கு எபிசோடு ஒரு ஓட்டையைப் பத்தி. சிரிக்காதீங்க. உங்க மொட்டை மாடியில, கைப்பிடிச் சுவர் ஓரமா, மழைத் தண்ணி இறங்குறதுக்குன்னு ஒரு ஓட்டை இருக்கும். அதுல இருந்து ஒரு பிவிசி பைப் சுவரோரமா கீழே போகும். நம்ம ஊர் வீடுகள்ல அந்த பைப் பெரும்பாலும் நாலு இஞ்ச். மாடியில விழுற மொத்த மழையும் அந்த நாலு இஞ்ச் வழியாத்தான் கீழே போயாகணும்.

அந்த ஓட்டை உங்க மாடியில எந்த மூலையில இருக்குன்னு இப்போ யோசிச்சுப் பாருங்க. தெரியலையா? எனக்கும் தெரியாது. அதாவது, ஒரு நவம்பர் ராத்திரி வரைக்கும் தெரியாது.

அந்த ராத்திரி

சில வருஷத்துக்கு முன்னாடி வளசரவாக்கத்துல ஒரு வீட்டு ரெண்டாவது மாடியில நாங்க மூணு பேர் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கு மேல மொட்டை மாடிதான். வீட்டை ஒட்டி ஒரு பெரிய வேப்பமரம். வீடு பாக்க வந்தப்போ அந்த நிழலைப் பாத்துதான் ஓகே சொன்னோம்.

அன்னைக்கு சாயங்காலமே மழை பிடிச்சிருச்சு. ராத்திரி ஒரு மணிக்கு ஹால்ல சொட்டு சொட்டுன்னு சத்தம். பாத்தா ஃபேன் மாட்டுற கொக்கியில இருந்து தண்ணி. பக்கெட் வச்சோம். கொஞ்ச நேரத்துல டியூப்லைட் ஒயர் போற இடத்துலயும் ஈரம் இறங்க ஆரம்பிச்சது. அப்பதான் பயம் வந்துச்சு. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, மாடிக்குப் போய்ப் பாக்கலாம்னு ஏறினா, மாடிக் கதவு பூட்டியிருக்கு.

ஹவுஸ் ஓனர் வேற ஏரியா. போன் அடிச்சோம், எடுக்கல. கடைசியில தயங்கித் தயங்கி கிரவுண்ட் ஃப்ளோர் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்தவங்க ஒண்ணுமே கேக்கல. உள்ளே போய் ஒரு சாவியோட வந்தாங்க. "ஒன்றரை வருஷமா இருக்கீங்க, யாராவது மாடி சாவி கேப்பீங்கன்னு பாத்தேன்ப்பா. யாருமே கேக்கல"ன்னாங்க.

மேல போனா கணுக்காலுக்கு மேல தண்ணி. மாடி முழுக்க ஒரு குளம். போன் டார்ச் வெளிச்சத்துல மழைதான் தெரியுது, ஓட்டை எங்கன்னு தெரியல. சுவர் ஓரமா காலால தடவித் தடவிப் போய், ஒரு மூலையில கொழகொழன்னு ஏதோ தட்டுப்பட்டுச்சு. கையை விட்டு இழுத்தேன். ஒரு கைப்பிடி வேப்பிலை, குச்சி, அதுக்கு நடுவுல ஒரு பால் பாக்கெட் கவர். அவ்வளவுதான். உடனே தொண்டையைச் செருமுற மாதிரி ஒரு சத்தம், தண்ணி சுழிச்சுக்கிட்டு இறங்க ஆரம்பிச்சது. அரை மணி நேரத்துல மாடி காலி.

ஆனா ஹால் சீலிங் காலி ஆகல. அந்தக் கறை நாங்க வீட்டைக் காலி பண்ற வரைக்கும் இருந்துச்சு. அட்வான்ஸ் திரும்ப வாங்குறப்போ அதைப் பத்தி ஒரு பெரிய பஞ்சாயத்தும் நடந்துச்சு.

கொஞ்சம் கணக்கு

ஒரு சதுர மீட்டர் இடத்துல ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தா, அது சரியா ஒரு லிட்டர் தண்ணி. இந்த ஒரு கணக்கு போதும். ஆயிரம் சதுர அடி மாடின்னா சுமார் 93 சதுர மீட்டர். அப்போ ஒரு சென்டிமீட்டர் மழைக்கு சுமார் 930 லிட்டர்.

நியூஸ்ல கனமழைன்னு சொல்றாங்களே, வானிலை ஆய்வு மையத்தோட கணக்குல அது ஒரு நாளுக்கு ஏறக்குறைய 7 முதல் 11 சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர்னே வச்சுக்குங்க. உங்க மாடியில மட்டும் 9,300 லிட்டர் விழுந்திருக்கும். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில தாம்பரத்துல ஒரே நாள்ல பதிவானது சுமார் 49 சென்டிமீட்டர். ஆயிரம் சதுர அடி மாடிக்கு அது 45,000 லிட்டருக்கு மேல. 12,000 லிட்டர் தண்ணி லாரி தெருவுல வருமில்லையா, அதுல கிட்டத்தட்ட நாலு லாரி. அந்த மொத்தமும் உங்க தலைக்கு மேல விழுந்து, நாலு இஞ்ச் பைப் வழியா இறங்கியிருக்கணும்.

இறங்கலைன்னா? மாடியில பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி நின்னா ஒரு சதுர மீட்டருக்கு 100 கிலோ எடை. மனுஷங்க நடமாடுற மொட்டை மாடிக்கு இந்தியத் தரக் கணக்குப்படி இன்ஜினியர்கள் எடுத்துக்கிற எடை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. அதுக்கு மேல பாதுகாப்புக்குன்னு கூடுதல் பலமும் சேர்த்துத்தான் கட்டுவாங்க. அதனால தண்ணி நின்ன உடனே கூரை விழுந்துடும்னு யாரும் பயப்பட வேணாம். ஆனா ஒரு பழைய வீட்டுல, கம்பி ஏற்கெனவே துருப்பிடிச்சிருக்கிற ஸ்லாப் மேல, இவ்வளவு எடை மணிக்கணக்கா நிக்கிறது நல்லதில்ல.

எடையை விடப் பெரிய பிரச்சனை நேரம். மொட்டை மாடி தண்ணியை வழிய விடுறதுக்குக் கட்டினது, தேக்கி வைக்கிறதுக்கு இல்ல. தளத்துக்கு ஒரு மெல்லிய வாட்டம் கொடுத்திருப்பாங்க, நூறு அடிக்கு ஒரு அடி இறங்குற மாதிரி. தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா, தட்டோடு இடுக்குல இருக்கிற முடி மாதிரி விரிசல்ல அது உள்ளே போக நேரம் கிடைக்காது. ராத்திரி முழுக்க நின்னா கிடைக்கும். உள்ளே போற ஈரம் கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பு இருந்த இடத்தைப் போல ரெண்டு மடங்குக்கு மேல இடம் கேக்கும். அது உப்பி, கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளும். பழைய ஃபிளாட்ல சீலிங் பூச்சு பாளம் பாளமா விழுந்து கம்பி வெளியே தெரியுமே, அது வர்ற வழிகள்ல முக்கியமானது இதுதான்.

அடைப்பு எப்போ உண்டாகுது?

இந்த எபிசோடுல ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கிட்டாப் போதும்னா, அது இதுதான். அடைப்பு மழை நாள்ல உண்டாகுறது இல்ல. அது வெயில் காலத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சேருது. மழை வந்து அதைக் காட்டிக் கொடுக்குது, அவ்வளவுதான்.

யோசிச்சுப் பாருங்க. மாசி பங்குனியில வேம்பு, புங்கை எல்லாம் இலை கொட்டுது. சித்திரை வெயில்ல அந்தச் சருகு மொறுமொறுன்னு காஞ்சு நொறுங்குது. ஆடிக் காத்து தெருப் புழுதியையும் பிளாஸ்டிக் கவரையும் மாடிக்குத் தூக்கிட்டு வருது. காக்கா கூடு கட்டுறேன்னு குச்சியும் கம்பியும் கொண்டாந்து போடுது. இதெல்லாம் மாடி முழுக்கப் பரவிக் கிடக்கிறப்போ யார் கண்ணுக்கும் படாது. கோடையில திடீர்னு ஒரு மழை பெய்யும் பாருங்க, அது எல்லாத்தையும் கூட்டிக் கொண்டுபோய் ஓட்டை வாய்ல சேர்த்துட்டு நின்னுடும். அங்கேயே காஞ்சு, ஒட்டி, ஒரு மூடி மாதிரி ஆகிடும். அப்புறம் ஐப்பசி அடைமழை வருது.

தட்டையான ஜாலியில இன்னொரு சிக்கலும் இருக்கு. தண்ணி வேகமா இறங்குற இடத்துக்கு இலை தானா வந்து சேரும். ஈர இலை ஜாலி மேல படிஞ்சா, மேல நிக்கிற தண்ணியோட எடையே அதை அமுக்கிப் பிடிச்சுக்கும். தண்ணி ஏற ஏற அமுக்கமும் ஏறும். அதனால "மழை வேகத்துல தானா அடிச்சுக்கிட்டுப் போயிடும்"னு நாம நினைக்கிறது நடக்காது.

மரத்தைப் பாருங்க, அடைப்பு தெரியும்

உங்க வீட்டுப் பக்கத்துல என்ன மரம்னு தெரிஞ்சா, உங்க பைப்ல என்ன அடைப்பு வரும்னு ஓரளவு சொல்லிடலாம்.

நாட்டு பாதாம் மரம் இருந்தா இலை பெருசு. ஒரே ஒரு இலை நாலு இஞ்ச் ஓட்டையை முழுசா மூடிடும். ஆனா கண்ணுக்குத் தெரியும், கையால எடுத்துப் போட்டா முடிஞ்சது.

வேம்பு, குல்மோஹர், தூங்குமூஞ்சி இதெல்லாம் பொடி இலை கேஸ். ஜாலியில நிக்காம உள்ளே போயிடும். பைப் வளையுற இடத்துல, பிளம்பர்கள் பெண்டுன்னு சொல்ற இடத்துல, புழுதியோட சேர்ந்து சேறாப் படியும். மேல இருந்து பாத்தா ஓட்டை சுத்தமாத் தெரியும், தண்ணி மட்டும் இறங்காது.

மூணாவது வகை ஊசி. ஈசிஆர் பக்கம் சவுக்குத் தோப்பு ஒட்டி வீடு இருக்கிறவங்களுக்கு இது புரியும். சவுக்கு ஊசின்னு நாம சொல்றது உண்மையில இலையே இல்ல, மெல்லிய பச்சைக் கிளை. அதோட நிஜ இலை, அந்தக் கணுக்கள்ல சின்னச் செதிலா ஒட்டிக்கிட்டு இருக்கும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இதே வேலையைப் பைன் ஊசி செய்யும். ஊசி எந்த ஜாலிக்குள்ளயும் செங்குத்தாப் புகுந்துடும். ஒண்ணு குறுக்கா மாட்டுச்சுன்னா அடுத்து வர்றதெல்லாம் அது மேல சிக்கி, பாய் பின்னின மாதிரி ஆகிடும். பைன் ஊசியில மெழுகு மாதிரி ஒரு பூச்சும் இருக்கிறதால சீக்கிரம் மக்கிப் போகாது.

நாலாவது அரசும் ஆலும். இதுல இலையை விட விதைதான் வில்லன். பறவை பழத்தைத் தின்னுட்டு மாடியில எச்சம் போடும். ஓட்டை வாய்ல ஒரு கைப்பிடி ஈரச் சருகு இருந்தா அதுவே அந்த விதைக்குத் தொட்டி. ரெண்டு இலை விட்ட அரசங்கன்னு அழகாத்தான் இருக்கும். ஆனா அதோட வேர் பைப் ஜாயின்ட்டுக்குள்ளயும் சுவர் விரிசலுக்குள்ளயும் போயிடும். சின்னதா இருக்கும்போதே வேரோட எடுத்துடுங்க. மேல மட்டும் கிள்ளினா திரும்பத் துளிர்க்கும்.

மலையில் கதை கொஞ்சம் வேற

கொடைக்கானல்ல இருக்கிற ஒரு நண்பன்கிட்ட இதைப் பத்திப் பேசினேன். அங்க நிறைய வீடுகளுக்குச் சரிவான ஷீட் கூரை. கூரை விளிம்புல நீளமா ஒரு கட்டர் ஓடும். இலங்கையில இதுக்குப் பீலின்னு அழகான தமிழ்ப் பேர் புழக்கத்துல இருக்கு.

அந்தப் பீலி அடைச்சா தண்ணி முன்னாடி வழிஞ்சா பரவாயில்ல, பின்னாடியும் வழியும். கூரை விளிம்புல இருக்கிற மரப்பலகைக்கும் சுவருக்கும் நடுவுல இறங்கும். பலகை உளுத்துப் போகும், சுவர் பூஞ்சை பிடிக்கும். நனைஞ்ச ஊசியோட எடையில பீலியைத் தாங்குற கிளாம்ப்பே வளைஞ்சு, பீலி நடுவுல தொய்ஞ்சு, அந்தத் தொய்வுல எப்பவும் தண்ணி நிக்கும். நண்பன் மழைக்காலத்துல மாசத்துக்கு ஒரு தடவை பாக்குறான். "வலை போட்டுட்டா வேலை மிச்சம்"னு அவனும் ஒரு தடவை நம்பி, கம்பி வலை போட்டிருக்கான். ஊசி வலை மேல மெத்தை மாதிரி படிஞ்சதும், தண்ணி பீலிக்குள்ளயே போகாம அதுக்கு மேலயே தாண்டி வழிஞ்சிருக்கு. எந்த வலையும் வேலையைக் குறைக்கும், இல்லாம ஆக்காது.

காஞ்ச ஊசிக்கு இன்னொரு முகமும் இருக்கு. கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா மாதிரி காட்டுத்தீ வர்ற இடங்கள்ல, தீ சீசனுக்கு முன்னாடி கூரைப் பீலியைச் சுத்தம் பண்ணுங்கன்னு தீயணைப்புத் துறையே மக்கள்கிட்டச் சொல்லும். நெருப்பு வீட்டுப் பக்கமே வரலைன்னாலும், காத்துல பறந்து வர்ற ஒரு தீப்பொறி பீலியில இருக்கிற காஞ்ச சருகுல விழுந்தா போதும். நம்ம மலைகள்லயும் கோடையில காட்டுத்தீ வருது, அதனால பைன் மரத்துக்குப் பக்கத்துல வீடு இருக்கிறவங்க மழைக்கு முன்னாடி மட்டுமில்ல, கோடைக்கு முன்னாடியும் ஒரு தடவை எடுத்துடுறது நல்லது.

சரி, எப்படிச் சுத்தம் பண்றது?

முதல் விதி, காஞ்சு இருக்கும்போது பண்ணுங்க. காஞ்ச சருகு லேசு, விளக்குமாறுக்கு வரும். நனைஞ்சா சேறு.

ரெண்டாவது விதி, இதுல நாம எல்லாருமே தப்பு பண்ணுவோம். ஹோஸ் பைப்பைப் பிடிச்சு மாடியைக் கழுவாதீங்க. கழுவினா மாடி பளிச்சுன்னு ஆகும், மொத்தக் குப்பையும் பைப்புக்குள்ள போயிடும். முதல்ல ஓட்டையை ஒரு பழைய துணியால மூடிட்டு, ஓட்டையில இருந்து விலக்கி நடுமாடி நோக்கிக் கூட்டுங்க. முறத்துல அள்ளி சாக்குல போடுங்க. ஓட்டை வாய்ல இருக்கிறதை கிளவுஸ் போட்டுக் கையால எடுங்க. பிளாஸ்டிக்கைத் தனியா எடுத்துட்டா மிச்சச் சருகு நல்ல உரம். மாடித் தோட்டத்துத் தொட்டியில மூடாக்காப் போடலாம். கொளுத்தாதீங்க, அந்தப் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும்.

மூணாவது, பக்கெட் டெஸ்ட். துணியை எடுத்துட்டு, ஓட்டைக்கிட்ட ரெண்டு பக்கெட் தண்ணியை வேகமா ஊத்துங்க. ஒரு ஆள் மேல, ஒரு ஆள் கீழ பைப் முடியுற இடத்துல. தண்ணி உடனே, அதே வேகத்துல வந்தா பைப் சரியா இருக்கு. தயங்கித் தயங்கி வந்தா பெண்டுல ஏதோ இருக்கு. மேல தேங்கிக்கிட்டே இருந்தா பிளம்பரைக் கூப்பிடுங்க, அவர்கிட்ட வளைஞ்சு போற ஸ்ப்ரிங் கம்பி இருக்கும். நீங்களா இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீங்க. பிவிசி ஜாயின்ட் விட்டுப் போச்சுன்னா தண்ணி சுவருக்குள்ள இறங்கும், அது இதை விட மோசம். ஆசிட் ஊத்துறதும் வேணாம். சருகுக்கு அதால பிரயோஜனம் இல்ல, ஆபத்துதான் மிச்சம்.

நாலாவது, ஜாலியை மாத்துங்க. தட்டை ஜாலிக்குப் பதிலா, கிண்ணத்தைக் கவுத்து வச்ச மாதிரி மேல எழும்பின ஜாலி கிடைக்கும். இலை அதோட அடிப்பக்கத்துல சேர்ந்தாலும், மேல் பக்க இடுக்கு வழியா தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கும். ஜாலியே வேணாம்னு கழட்டி வீசிடுறவங்க உண்டு. அப்படிப் பண்ணா அடைப்பு கண்ணுக்குத் தெரியுற இடத்துல இருந்து, தெரியாத இடத்துக்குப் போகும்.

அஞ்சாவது, மாடியில ஒரே ஒரு ஓட்டைதான் இருக்குன்னா ஓனர்கிட்டப் பேசிப் பாருங்க. கைப்பிடிச் சுவர்ல, தளத்துக்கு ரெண்டு மூணு இஞ்ச் மேல ஒரு சின்ன வழி விட்டா, கீழ ஓட்டை அடைச்சாலும் தண்ணி அதுக்கு மேல ஏறாது. அங்க இருந்து தண்ணி கொட்டுறது தெருவுல இருந்தே தெரியும். அதுவே ஒரு அலாரம்.

மழைநீர் சேகரிப்பு இருக்கிற வீடுன்னா இன்னொரு இடத்தையும் பாக்கணும். தமிழ்நாட்டுல 2003-ல இருந்து எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம். மாடி பைப் கீழே வந்து, ஜல்லியும் மணலும் போட்ட ஒரு தொட்டியில சேரும். மேல ஜாலியைத் தாண்டுன பொடி இலையும் சேறும் அங்கதான் போய்ப் படியும். மூடியைத் திறந்து மேல இருக்கிற அழுக்கு மணலை எடுத்துட்டு, ஜல்லியைக் கழுவிப் போடுங்க. இல்லைன்னா உள்ளே போக வேண்டிய தண்ணி வாசல்ல நிக்கும்.

ஏறக்கூடாத இடங்கள்

இதைச் சீரியஸாச் சொல்றேன். நான் அன்னைக்கு ராத்திரி செஞ்சதுல மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணது ஒண்ணுதான் சரி. மத்ததெல்லாம் தப்பு. மின்னல் வெட்டுறப்போ மாடிக்குப் போகக்கூடாது. இருட்டுல, கீழ என்ன இருக்குன்னு தெரியாத தண்ணிக்குள்ள கையை விடக்கூடாது. உடைஞ்ச பாட்டில் இருந்திருக்கலாம், காக்கா கொண்டாந்த கம்பி இருந்திருக்கலாம். பாசி பிடிச்ச தளத்துல கால் வழுக்கியிருந்தா அந்தக் கைப்பிடிச் சுவர் என் முட்டி உயரம்தான்.

ஜன்னலுக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற சன்ஷேடுலயும் சருகு சேரும். அது மேல ஏறி நிக்காதீங்க. உள்ளே இருந்து, நீளக் கம்புல விளக்குமாறு கட்டித் தள்ளுங்க. சிமென்ட் ஷீட் கூரை மேல ஏறவே ஏறாதீங்க, பழசான ஷீட் ஆள் எடையைத் தாங்காது. அது பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா இருந்தா காய்ஞ்ச நிலையில சுரண்டவும் கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. மாடியை ஒட்டி ஈபி லைன் போனா, கையில அலுமினியக் கம்பு, இரும்புப் பைப் எதுவும் வேணாம்.

நாம ஏறத் தயங்குற இடத்துக்கு வாட்ச்மேன் அண்ணாவை ஏறச் சொல்றதும் இதே கணக்குதான். அவர் மறுக்க மாட்டார், வேலை போயிடும்னு பயம் இருக்கும். கயிறும் ஏணியும் வச்சு முறையா இந்த வேலை பண்றவங்களைக் கூப்பிட்டு, அதுக்கான கூலியைக் கொடுங்க. அசோசியேஷன் மீட்டிங்ல இதை ஒரு வருஷச் செலவா எழுத வைக்கலாம். சீலிங் ரிப்பேருக்கு ஆகுறதோட பாத்தா அது ஒண்ணுமே இல்ல.

கொசுவும் இதே ஓட்டையில

இன்னொரு விஷயம். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்ல, தேங்கின மழைத் தண்ணி போதும். முட்டையில இருந்து பறக்குற கொசுவா மாற சூடான நாள்கள்ல ஏழெட்டு நாளே போதும். அடைச்ச ஓட்டையைச் சுத்தி, சன்ஷேடு மேல, மாடி மூலையில கிடக்கிற பழைய பெயின்ட் டப்பாவுல நிக்கிற தண்ணி அதுக்குத் தாராளம். கீழே நாம நிலவேம்புக் கஷாயம் குடிச்சுக்கிட்டு இருப்போம், மேல நம்ம மாடியே கொசுவை வளர்த்துக்கிட்டு இருக்கும். மழைக்காலத்துல வாரத்துக்கு ஒரு தடவை மேல போய் ஒரு பார்வை பாத்தா இதுக்கும் சேர்த்து வேலை முடிஞ்சது.

சாவி

திரும்ப அந்தப் பாட்டிகிட்ட வர்றேன். மறுநாள் காலையில சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனப்போ கேட்டேன், "முன்னாடியெல்லாம் இதை யார் பாட்டி பாத்துக்கிட்டாங்க?" அவங்க சொன்னாங்க, "ஆயுத பூஜைக்கு வீடு கழுவுவோமில்ல, முதல்ல மாடியில இருந்துதான் ஆரம்பிப்போம். எனக்கு முட்டி வலி வந்து ஏற முடியாமப் போச்சு. அதுல இருந்து யாரும் ஏறல."

யோசிச்சா அது எவ்வளவு சரியான தேதி. வடகிழக்குப் பருவமழை வழக்கமா அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆயுத பூஜை பெரும்பாலான வருஷம் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். வீட்டுல எப்படியும் ஒட்டடை அடிக்கிறோம், வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அதே நாள்ல மாடிக்கு ஒரு மணி நேரம். தனியா ரிமைண்டர் வைக்க வேண்டியதில்ல.

நம்மள்ல பல பேர் வாடகை வீட்டுல இருக்கோம். மாடி ஓனரோடது, பைப் ஓனரோடது, நமக்கென்னன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா ஈரம் இறங்குறது என் படுக்கை மேல. லேப்டாப் என்னோடது. கடைசியில அட்வான்ஸ்ல கழிச்சதும் என் காசு. ஓனர்கிட்ட மல்லுக்கட்ட வேணாம். "சார், மழைக்கு முன்னாடி மாடியைக் கூட்டிட்டு ஓட்டையைப் பாத்துடறோம், ஒரு சாவி கொடுங்க"ன்னு கேளுங்க. பெரும்பாலும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. சுத்தம் பண்றதுக்கு முன்னாடியும் அப்புறமும் ஒரு போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. நாளைக்கு சீலிங் கறை யாரால வந்துச்சுன்னு ஒரு பேச்சு வந்தா, அந்த போட்டோ உங்களுக்காகப் பேசும்.

இப்போ நான் வேற வீட்டுல இருக்கேன். இங்கயும் மேல மொட்டை மாடிதான், பக்கத்துல ஒரு குல்மோஹர். இந்த வீடு பாக்க வந்தப்போ தண்ணி வருமா, பார்க்கிங் உண்டா எல்லாம் கேட்டு முடிச்சிட்டு, மாடி சாவி யார்கிட்ட சார்னு கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். ஆனா கொடுத்தார்.

இந்த ஞாயித்துக்கிழமை உங்க வேலை ஒண்ணே ஒண்ணு. மேல போங்க, ஓட்டை எந்த மூலையில இருக்குன்னு பாத்துட்டு வாங்க. அதுல என்ன மரத்து இலை இருந்துச்சுன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட்ல சொல்லுங்க, அடுத்த எபிசோடு ஆரம்பத்துல சிலதைப் போடுறோம். அதுவரைக்கும், பத்திரமா இருங்க.